பள்ளிக் கால்பந்து வீரனைக் கல்லூரி எப்படி எடைபோடுகிறது? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகளில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் மாணவர்கள் 10 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் அணிகளில் இடம்பெறுகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். அதன் உச்ச நிலையான முதல் பிரிவை எட்டுகிறவர்கள் அதிலும் பாதிக்குக் குறைவு. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சிலரும் இப்போது இந்த ஆட்டத்தில் இறங்கியிருப்பதால், வீரர் தேர்வு குறித்துப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகன் டெக்சஸில் பதினோராம் வகுப்பு படிக்கிறான், எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் வைட் ரிசீவராக ஆடுகிறான். ஹைலைட்ஸ் காணொளி ஒன்றைத் தயாரித்து, விளையாட்டுக் காணொளிகளுக்கான ஹடல் தளத்தில் ஏற்றிப் பல கல்லூரிகளுக்கு அனுப்பினோம். கல்லூரிகள் நடத்தும் பயிற்சி முகாம்களுக்கான அழைப்புகளைத் தவிர வேறு பதில் வரவில்லை. காணொளியில் அவர்கள் எதைத்தான் தேடுகிறார்கள்?
– வாசகி, டாலஸ்

பதில்: முதலில் அந்த முகாம் அழைப்புகள். முகாம் விளம்பரத்தையும் விவரப் படிவத்தையும் எந்த வகுப்பு மாணவனுக்கும் எப்போது வேண்டுமானாலும் அனுப்ப விதி இடம் தருகிறது; அவை ஏராளமானோருக்கு ஒரே நேரத்தில் போகின்றன. முதல் பிரிவுக் கல்லூரியின் பயிற்சியாளர் ஒரு மாணவனுக்குத் தனிப்பட்ட முறையில் எழுதத் தொடங்கலாம் என்று விதி அனுமதிக்கும் நாள், பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1. அதன் பிறகு, உங்கள் மகன் ஆடும் இடத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளரே அவன் ஆட்டத்தில் ஒரு குறிப்பிட்ட காட்சியைச் சுட்டி எழுதினால்தான், அங்கே ஒருவர் அவனை உண்மையாகவே பார்த்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

ஹைலைட்ஸ் காணொளியின் வேலை கதவைத் தட்டுவதோடு முடிந்துவிடுகிறது. பார்க்க வேண்டிய காணொளிகள் குவிந்து கிடக்கும் பயிற்சியாளர், முதல் அரை நிமிடத்தில் எதுவும் கண்ணில் படாவிட்டால் அடுத்த பையனுக்குப் போய்விடுவார். எனவே மிகச் சிறந்த ஐந்தாறு காட்சிகள் தொடக்கத்திலேயே வரட்டும். பந்து நகர்வதற்கு முன் மகன் நிற்கும் இடம் வட்டமிட்டுக் காட்டப்படட்டும். மெதுவோட்டத்தைத் தவிருங்கள், ஏனென்றால் பயிற்சியாளர் பார்க்க விரும்பும் வேகத்தையே அது மறைத்துவிடுகிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் ஹைலைட்ஸில் அந்த ஒரு சோற்றைச் சமைத்தவரே பொறுக்கித் தருகிறார். அதனால்தான் அக்கறை பிறந்த பயிற்சியாளர் அடுத்து முழு ஆட்டத்தின் காணொளியைக் கேட்கிறார், அதிலும் வலுவான அணியிடம் தோற்ற ஆட்டமாக இருந்தால் மகிழ்ச்சி அடைகிறார். அங்கே அவர் பார்ப்பது இதுதான்: மூன்றாம் கால்பகுதி, அணி பின்தங்கியிருக்கிறது, பந்து மைதானத்தின் மறுபக்கத்தில் ஓடுகிறது. உங்கள் மகன் இடுப்பில் கைவைத்து நிற்கிறானா, அல்லது தன் எதிரில் இருக்கும் கார்னர்பேக்கை, அதாவது ரிசீவரை மறிக்கும் எதிரணிக்காரனைத் தேடிப்போய்த் தடுக்கிறானா? பந்து தனக்கு வராது என்று தெரிந்த ஓட்டத்திலும் அதே வேகத்தில் கிளம்புகிறானா? திரும்ப வேண்டிய இடத்தில், நான்கைந்து குறுகிய அடிகள் வைத்து வேகத்தைக் கரைத்துவிட்டுத் திரும்புகிறானா, அல்லது ஒரே காலை ஊன்றி வெட்டித் திரும்புகிறானா? பந்தை உடலுக்கு வெளியே கைநீட்டிப் பிடிக்கிறானா, மார்பில் அணைத்துப் பிடிக்கிறானா? மார்பில் விழும் பந்தைப் பள்ளியில் யாரும் தட்டிவிடுவதில்லை. கல்லூரியில் நல்ல கார்னர்பேக் எவரும் அதைத் தட்டிவிடுவார். எதிரணி யார் என்பதையும் அவர் மறக்காமல் கேட்பார், பலவீனமான அணிக்கு எதிராக அடித்த ஐந்து டச்டவுன்களைவிட, கல்லூரிக்குப் போகவிருக்கும் ஒரு தடுப்பாட்டக்காரனுக்கு எதிரே ஒரு முறை விலகி வெளியே வந்தது அவருக்கு அதிகம் சொல்லும்.

கேள்வி: பள்ளி வீரர்களுக்கு இணையதளங்கள் தரும் நட்சத்திர மதிப்பீடுகளை நம்பலாமா? இரண்டு நட்சத்திரம் வாங்கியவர்கள் பெரிய வீரர்களாகியிருக்கிறார்கள், ஐந்து நட்சத்திரங்கள் காணாமல் போயிருக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களே?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: எல்லோரும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஜே.ஜே. வாட் பள்ளி முடித்தபோது இரண்டு நட்சத்திர டைட் எண்ட் (எதிரிகளைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிறவர்); மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிவிட்டு, உதவித்தொகை இல்லாமல் விஸ்கான்சினில் சேர்ந்தார். பின்னர் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதை 2012, 2014, 2015 என்று மூன்று முறை பெற்றார். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜார்ஜியா மாநிலத்துக் கார்ட்டர்ஸ்வில் பள்ளியிலிருந்து 2018ஆம் ஆண்டு வகுப்பின், அதாவது அந்த ஆண்டு கல்லூரி சேர்கிறவர்களின், முதல் வீரராகக் கணிக்கப்பட்ட டிரெவர் லாரன்ஸ், கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டிலேயே தேசியப் பட்டத்தை வென்றார். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் என்எஃப்எல் தேர்வில், 2021இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இப்படி மதிப்பிடும் 247ஸ்போர்ட்ஸ் நிறுவனம் ஓர் ஆண்டு வகுப்புக்கு ஏறத்தாழ 32 பேருக்கு மட்டுமே ஐந்து நட்சத்திரம் தருகிறது. என்எஃப்எல் தேர்வின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. மூன்று நட்சத்திரக்காரர்களோ ஒவ்வோர் ஆண்டும் ஆயிரத்துக்கும் மேல். ஆகவே தொழில்முறை அணிகளின் பட்டியலைப் பார்த்தால் மூன்று நட்சத்திரக்காரர்கள் நிறையத் தென்படுவார்கள். ஆனாலும் ஐந்து நட்சத்திரம் பெற்ற ஒருவன் அந்த நிலைக்குப் போகும் வாய்ப்பு, மூன்று பெற்றவனின் வாய்ப்பைவிடப் பல மடங்கு அதிகம். மதிப்பீடு செய்கிறவர்கள் மொத்தத்தில் திறமையான வேலையே செய்கிறார்கள் என்பது என் கருத்து.

அவர்களுடைய குறை வேறிடத்தில் இருக்கிறது. பெரிய நகரங்களிலும் புகழ்பெற்ற முகாம்களிலும் காணக் கிடைப்பவர்களை அவர்கள் நன்றாக அறிகிறார்கள்; ஒதுக்குப்புறமான ஊரின் சிறு பள்ளியில் ஆடுகிறவனையும், பதினேழு வயதுக்குப் பிறகு வளர்கிறவனையும் தவறவிடுகிறார்கள். பெரிய கல்லூரி ஒன்று அழைத்த பிறகு ஒருவனின் நட்சத்திரம் கூடுவதும் உண்டு. அப்போது அந்த எண்ணிக்கை புதிதாக எதையும் சொல்வதில்லை, கல்லூரியின் முடிவைத் திருப்பிச் சொல்கிறது. இன்னொன்று: நட்சத்திரம் ஒரு பையனின் உச்ச வாய்ப்பைக் குறித்த கணிப்பு. உங்கள் மகனை அழைக்கும் கல்லூரி, தன் ஆட்டமுறைக்கு அவன் பொருந்துவானா என்று பார்க்கிறது. இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை வர வேண்டியதில்லை.

கேள்வி: பள்ளியில் என் மகன் 40 கஜத்தை 4.5 வினாடியில் ஓடியதாகக் குறித்தார்கள். கல்லூரி முகாமில் 4.72 என்று வந்துவிட்டது. மனம் உடைந்துபோயிருக்கிறான். எது சரி?
– வாசகர், அட்லான்டா

பதில்: முகாமில் வந்ததுதான் அவனுடைய வேகம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கையில் நிறுத்துக்கடிகாரம் வைத்திருப்பவர், பையன் நகர்வதைக் கண்ணால் கண்டு, பிறகுதான் பொத்தானை அழுத்துகிறார். முடிவுக்கோட்டை அவன் நெருங்கும்போதோ எதிர்பார்த்து முன்கூட்டியே அழுத்திவிடுகிறார். இரண்டும் சேர்ந்து 0.2 வினாடி வரை குறைத்துக் காட்டும். என்எஃப்எல் வீரர்தேர்வு முகாமிலேயே தொடக்கம் கையால்தான் குறிக்கப்படுகிறது, முடிவை மட்டுமே ஒளிக்கற்றை பதிவுசெய்கிறது. அந்த முகாமின் சாதனை 2024இல் சேவியர் வொர்த்தி ஓடிய 4.21. பள்ளிக்கூடம்தோறும் 4.3 ஓடுகிறவர்கள் இருப்பதாகச் சொல்லப்படுவதைப் பயிற்சியாளர்கள் ஏன் நம்புவதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

40 கஜம் என்பது ஏறத்தாழ 36.6 மீட்டர். அந்தத் தூரத்தைத் தொடக்க நிலையிலிருந்து காப்புக் கவசம் இல்லாமல் நேர்க்கோட்டில் ஓடும் சூழ்நிலை ஆட்டத்தில் அரிதாகவே வரும். அதனால் தேர்ந்த பயிற்சியாளர் பள்ளித் தடகளப் போட்டிகளின் முடிவுகளைத் தேடிப் படிக்கிறார். அங்கே மின்னணுக் கடிகாரமும் காற்று அளவும் இருக்கின்றன, பெரும்பாலும் முடிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் மகனை வசந்த காலத்தில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் சேர்த்துவிடுங்கள். எந்த முகாமும் தராத சான்று அங்கே கிடைக்கும், ஓடவும் கற்றுக்கொள்வான். கார்னர்பேக் போன்ற இடங்களுக்கு 5-10-5 கஜத் திருப்ப ஓட்டம் (ஒரு பக்கம் 5, மறுபக்கம் 10, மீண்டும் 5 கஜம்) இன்னும் முக்கியம். பின்னோக்கி நகர்ந்துகொண்டிருப்பவன், ரிசீவர் தன்னைக் கடக்கும் கணத்தில் இடுப்பைத் திறந்து முன்னோக்கி ஓட வேண்டும். அந்த ஒரு நொடியில் உடல் நிமிர்ந்தால் இரண்டு கஜம் போய்விடும். 4.4 ஓடியும் இடுப்பு இறுகியவனை, 4.6 ஓடி இடுப்பு இளகியவன் அந்த இடத்தில் எளிதாக வெல்வான்.

கேள்வி: என் தம்பி மகன் 6 அடி 1 அங்குலம், 290 பவுண்டு. தாக்குதல் வரிசையில் ஆடுகிறான்; மாவட்டத்தில் யாராலும் அவனை நகர்த்த முடியவில்லை. ஆனால் 230 பவுண்டு மட்டுமே இருக்கும் ஒல்லியான ஒரு பையனுக்குத்தான் கல்லூரிகள் உதவித்தொகை தருகின்றன. இது என்ன நியாயம்?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. வீரர் தேர்வின் சாரமே இந்தக் கேள்வியில் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பள்ளிப் பயிற்சியாளருக்கு வேண்டியது வரும் வெள்ளிக்கிழமை வெல்லக்கூடியவன். கல்லூரிப் பயிற்சியாளருக்கு வேண்டியது இருபத்தொரு வயதில் வெல்லக்கூடியவன். அந்த ஒல்லியான பையன் 6 அடி 5 அங்குலம் உயரமும், அகன்ற தோளும், நீண்ட கைகளும் உடையவனாக இருந்தால், முறையான உணவும் உடற்பயிற்சியும் மூன்று ஆண்டுகளில் அவனை 300 பவுண்டுக்குக் கொண்டுவந்துவிடும். உயரத்தையும் கையின் நீளத்தையும் எந்தப் பயிற்சிக்கூடமும் தர முடியாது.

லேன் ஜான்சன் டெக்சஸின் குரோவ்டன் என்ற சிற்றூர்ப் பள்ளியில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடியவர்; ஜூனியர் கல்லூரியிலும் அதே இடம். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் டைட் எண்டாகவும் தடுப்பு வரிசையிலும் இருந்து, கடைசியில் தாக்குதல் வரிசையின் ஓரத்தில் நிற்கும் டேக்கிள் ஆனார். 2013இல் என்எஃப்எல் தேர்வின் நான்காம் ஆளாகப் போனார். அவருடைய கால்கள் எத்தனை பவுண்டைச் சுமக்கும் என்று முன்கூட்டியே கண்டுகொண்டதுதான் கல்லூரிப் பயிற்சியாளர்களின் திறமை.

இதனால் உங்கள் தம்பி மகனுக்கு வழியில்லை என்று ஆகிவிடாது. டேக்கிளாக ஆடாமல் வரிசையின் உட்பக்கம் நிற்கும் சென்டராகவோ கார்டாகவோ, அல்லது தடுப்பு வரிசையின் நடுவிலோ ஆடுகிறவர்களுக்கு உயரம் அவ்வளவு கட்டாயமில்லை. பிட்ஸ்பர்க் அருகே பென் ஹில்ஸில் படித்த ஏரன் டொனால்ட் மூன்று நட்சத்திரக்காரர். உயரம் போதாது என்றே பலரும் கருதினார்கள். அவரும் ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதை மூன்று முறை வென்றார். ஆனால் அவரிடம் இருந்த முதல் அடியின் வேகம் உங்கள் பிள்ளையிடம் இருக்கிறதா என்று காணொளியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பந்து நகர்ந்த கணத்தில் மற்ற நான்கு பேரைவிட அவன் முன்னதாகக் கிளம்புகிறானா? எதிராளியை முட்டும்போது முழங்கால் மடிந்து இடுப்பு தாழ்ந்திருக்கிறதா, அல்லது கால்கள் நேராக நிற்க இடுப்பிலிருந்து குனிந்து சாய்கிறானா? குனிந்து சாய்கிறவன் பள்ளியில் எடையால் வெல்வான், கல்லூரியில் ஒரு பக்கமாக இழுத்துத் தள்ளப்பட்டுத் தரையில் கிடப்பான். முட்டிய பிறகும் கால்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றனவா? இரண்டாம் ஆளைத் தடுக்க, எதிரணியின் தடுப்பு வரிசைக்குப் பின்னால் லைன்பேக்கர் இருக்கும் இடம்வரை போகிறானா?

குளிர்காலத்தில் மல்யுத்தம் பழகினால் இந்தக் குறைகளில் பல நீங்கும். லைன்மேன் ஒருவன் மல்யுத்தத்திலும் குண்டு எறிதலிலும் மாநில அளவுக்குப் போயிருக்கிறான் என்று தெரிந்தாலே பயிற்சியாளர்கள் காணொளியை இரண்டாம் முறை பார்க்கிறார்கள். மேலே சொன்ன வாட், பள்ளி நாளில் விஸ்கான்சினில் குண்டு எறிதலில் மாநிலப் பட்டம் வென்றவர்.

கேள்வி: நான் குவார்ட்டர்பேக். எங்கள் பள்ளி பெரும்பாலும் பந்தைக் கையில் கொடுத்து ஓடும் ஆட்டமே ஆடுகிறது. ஓர் ஆட்டத்தில் எட்டு பத்து முறைதான் எறிகிறேன். என்னை யார் கண்டுகொள்வார்கள்?
– மாணவர், லூயிசியானா

பதில்: தம்பி, உன் நிலையில் இருந்த ஒருவர் 2025 என்எஃப்எல் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். கேம் வார்ட் படித்த டெக்சஸ் பள்ளி, விங்-டி என்ற பழைய ஓட்ட முறையை ஆடியது. அவருடைய எறிதலைக் காட்டப் போதிய காணொளியே இல்லை. சான் அன்டோனியோவில் உள்ள இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய பல்கலைக்கழகம் மட்டுமே உதவித்தொகை தர முன்வந்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி என்று ஏறிப்போனார். ஜாஷ் ஆலன் கதையும் இதற்கு நெருக்கமானது. கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாய ஊரில் படித்த அவரைப் பள்ளி முடிந்ததும் எந்த முதல் பிரிவுக் கல்லூரியும் அழைக்கவில்லை. ரீட்லி ஜூனியர் கல்லூரியில் ஆடிக்கொண்டே நாடு முழுவதும் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வயோமிங்கில் இடம் பெற்றார்.

ஆகவே உனக்கு முகாம்கள் தேவை. மற்ற இடத்துக்காரர்களுக்கு நான் இவ்வளவு உறுதியாக முகாமைப் பரிந்துரைக்க மாட்டேன். எறிதல் நேரில் பார்க்க வேண்டிய கலை: பந்து கையை விட்டு எவ்வளவு விரைவில் கிளம்புகிறது, எதிர்ப்பக்கக் கோட்டருகே போகும் பந்து தொங்காமல் போகிறதா, கால்கள் இலக்கை நோக்கி அமைகின்றனவா என்பதையெல்லாம் ஜூன் மாத முகாம் ஒன்றில் பத்தே எறிதல்களில் கண்டுகொள்வார்கள். உன் ஆட்டமுறைக்கு நெருக்கமான, உன்னைச் சேர்க்க உண்மையில் வாய்ப்புள்ள கல்லூரிகளின் முகாம்களுக்குப் போ. புகழ்பெற்ற பெயர்களுக்காக அலையாதே. முகாமில் ஒரு பயிற்சியாளர் உன் காலடியில் ஒன்றைத் திருத்தச் சொன்னால், அடுத்த எறிதலிலேயே அதைச் செய்து காட்டு. அவர் அந்தத் திருத்தத்தைச் சொல்வதே, நீ எவ்வளவு விரைவில் கற்கிறாய் என்று பார்ப்பதற்காக இருக்கலாம்.

கேள்வி: கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு பள்ளி மாணவர்களைக் கல்லூரிகள் சீண்டுவதில்லை என்கிறார்களே?
– வாசகர், சான் ஹோசே

பதில்: சீண்டுவதில்லை என்பது மிகை, குறைத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. போர்ட்டல் 2018 அக்டோபரில் தொடங்கியது. 2021இல் ஒருமுறை காத்திருப்பின்றி மாறவும், 2024 முதல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறவும் வழி பிறந்தது. கல்லூரி ஆட்டத்தில் ஏற்கெனவே தேறிய இருபத்தொரு வயதுக்காரன் கிடைக்கும்போது, பதினேழு வயதுக்காரனை வளர்க்கும் பொறுமை பல பயிற்சியாளர்களுக்கு இல்லை. பணி பறிபோகும் அச்சத்தில் இருப்பவர்களை அதற்காகக் குறைசொல்லவும் முடியவில்லை.

கல்லூரி வீரர்கள் என்சிஏஏமீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாடு இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு, உதவித்தொகை 85 பேருக்கு மட்டும் என்ற பழைய வரம்பு நீங்கி, அணியிலேயே 105 பேர் என்ற வரம்பு வந்தது. உதவித்தொகை கூடலாம், ஆனால் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து, பொறுத்திருந்து மேலே வருகிறவர்களுக்கான இடங்கள் சுருங்கிவிட்டன. வாட் நடந்த பாதை இன்று மிகவும் குறுகலானது. இது எனக்கு மனவருத்தம் தரும் மாற்றம். மதிப்பீட்டாளர்களின் கண்ணுக்குத் தப்பியவர்களை மீட்டுக்கொடுத்தது அந்தப் பாதைதான்.

நடைமுறையில் இதன் பொருள், இடைநிலைத் திறமையுள்ள மாணவன், முதல் பிரிவின் கீழ்த்தட்டான எஃப்சிஎஸ் அணிகளையும் இரண்டாம் பிரிவையும் தொடக்கத்திலிருந்தே மதித்து அணுக வேண்டும் என்பது. அங்கே இறங்கி ஆடி, பிறகு மேலே போகவும் அதே போர்ட்டல் உதவுகிறது.

கேள்வி: மதிப்பெண் உண்மையிலேயே பார்க்கப்படுகிறதா?
– வாசகி, சிகாகோ

பதில்: ஆம், காணொளிக்கு முன்பாகவே பார்க்கிறவர்களும் உண்டு. முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 2.3 சராசரியும் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே அவற்றில் 10 பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். நுழைவுத்தேர்வு மதிப்பெண் கட்டாயம் என்பதை என்சிஏஏ 2023இல் நீக்கிவிட்டது. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் மூன்றாம் பிரிவும் விளையாட்டு உதவித்தொகை தருவதே இல்லை. அங்கே மதிப்பெண்தான் பணம். பள்ளிக்கு வரும் பயிற்சியாளர்கள் ஆலோசகர் ஆசிரியரைத் தனியே சந்தித்து, வருகை எப்படி, வகுப்பில் நடத்தை எப்படி என்று விசாரிப்பதும் வழக்கம்.

கேள்வி: கட்டணம் வாங்கிக்கொண்டு கல்லூரிகளிடம் அறிமுகம் செய்துவைக்கும் நிறுவனங்கள் பயன்படுமா?
– வாசகர், சியாட்டில்

பதில்: பெரும்பாலான குடும்பங்களுக்குத் தேவையில்லை. பள்ளிப் பயிற்சியாளர் தொலைபேசியில் சொல்லும் இரண்டு வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு, பணம் பெற்ற ஒருவர் அனுப்பும் பட்டியலுக்குக் கிடையாது.

கேள்வி: என் மகனுக்கு ஒரு கல்லூரி வாய்மொழியாக உதவித்தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறது. அது உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, ஆர்லாண்டோ

பதில்: வாய்மொழி வாக்கு இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. எழுத்து வடிவிலான முறையான அழைப்பைப் பன்னிரண்டாம் வகுப்பின் ஆகஸ்ட் 1க்கு முன் அனுப்ப விதி அனுமதிப்பதில்லை. டிசம்பரில் வரும் முன்கூட்டிய ஒப்பந்தக் காலத்தில் கையெழுத்தாகும் வரை எதுவும் உறுதியில்லை. ஒரே இடத்துக்கு ஐந்தாறு பேரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, முதலில் விரும்பியவன் கிடைக்காவிட்டால் அடுத்தவனை எடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது.

எனவே நேராகக் கேளுங்கள். பேச வேண்டியவர் உங்கள் மகனே. நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். “இன்று நான் சம்மதம் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா?” என்பது முதல் கேள்வி. “என் இடத்துக்கு இந்த வகுப்பில் எத்தனை பேரை எடுக்கிறீர்கள், அவர்களில் நான் எத்தனையாவது ஆள்?” என்பது இரண்டாவது. தலைமைப் பயிற்சியாளருக்கு உங்கள் மகனின் ஆட்டம் தெரியுமா என்பதையும் விசாரியுங்கள், ஏனெனில் உதவிப் பயிற்சியாளர்கள் அடிக்கடி கல்லூரி மாறுகிறார்கள், வாக்கும் அவர்களோடு போய்விடும். உங்களை அதிகாரபூர்வமாக அழைத்து, தங்கள் செலவில் கல்லூரியைச் சுற்றிக்காட்டத் தேதி தருகிறார்களா என்பது நல்ல அடையாளம். பதினோராம் வகுப்பின் ஏப்ரல் 1 முதல் அதற்கு அனுமதி உண்டு. முதல் கேள்விக்கு “இன்னும் கொஞ்சம் உன் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்” என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள், மற்றக் கல்லூரிகளோடு பேசுவதையும் நிறுத்தாதீர்கள்.